வெப்சைட்ல 500, 502, 504னு எரர் வருதா? மறுபடி அமுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

நான் ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பாக்குறேன். கவுன்சிலிங் அப்ளிகேஷன், டிஎன்பிஎஸ்சி, கரண்ட் பில், தட்கல், வருமானச் சான்றிதழ்னு எல்லாத்துக்கும் ஆளுங்க வருவாங்க, வந்து உக்காந்து எல்லாத்தையும் டைப் பண்ணி முடிச்சு கடைசில சப்மிட் அமுக்குற நேரத்துல வெள்ளை ஸ்கிரீன்ல ஒரு நம்பரும் ரெண்டு வரி இங்கிலீஷும் வந்து நிக்கும், உடனே கை தானா ரீஃப்ரெஷ் பட்டனுக்கு போயிடும். அதுக்கும் சரியாகலன்னா போன ஆஃப் பண்ணி ஆன் பண்றது, மோடத்த பிடுங்கி சொருகுறது, நெட் கம்பெனிக்கு போன் போட்டு சண்டை போடுறது. பல நேரம் பிரச்சனை நம்ம பக்கமே இருக்காது, எங்கயோ இருக்குற சர்வர்ல இருக்கும். சில நேரம் அப்படியே தலைகீழா இருக்கும், சர்வர் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், நம்ம போன்ல தேதி தப்பா இருக்கும். எது எந்த பக்கம்னு கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு எல்லாம் இல்ல, ஸ்கிரீன்ல வர்றத நிதானமா படிக்கத் தெரிஞ்சா போதும்.

மத்த எதையும் படிக்க நேரம் இல்லன்னாலும் இத மட்டும் படிச்சுட்டு போங்க. எரர் வந்துச்சுங்குறதுக்காக வேலை நடக்கலன்னு முடிவு பண்ணிடாதீங்க. பணம் கட்டுற பக்கத்துலயும் அப்ளிகேஷன் சப்மிட் பண்ற பக்கத்துலயும் எரர் வந்தா, உங்க பணம் போய் சேந்திருக்கலாம், அப்ளிகேஷன் பதிவாகியிருக்கலாம், அத உங்களுக்கு சொல்ற கடைசி பதில் மட்டும் வழில தொலைஞ்சிருக்கலாம். அதனால அந்த மாதிரி பக்கத்துல ரீஃப்ரெஷ் அமுக்காதீங்க, பேக் பட்டனும் அமுக்காதீங்க, முதல்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் கீழ சொல்ற மாதிரி போய் சரிபாருங்க. சாதாரணமா நியூஸ் படிக்கிற பக்கம், வீடியோ பக்கம்னா எத்தன தடவ வேணா ரீஃப்ரெஷ் பண்ணலாம், அதுல ஒண்ணும் கெட்டுப்போகாது.

சரி இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஸ்கிரீன்ல மூணு இலக்க நம்பர் ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா உங்க நெட் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஏன்னா அந்த நம்பர அனுப்புனதே அந்த பக்கம் இருக்குற ஏதோ ஒரு சர்வர்தான், அது உங்ககிட்ட பேசிடுச்சு. அப்ப மோடத்த தொட வேண்டிய அவசியமே இல்ல. அந்த நம்பர் 4ல ஆரம்பிச்சா நம்ம கேட்ட விதத்துல ஏதோ சிக்கல்னு சர்வர் சொல்லுது, அட்ரஸ் தப்பு, லாகின் இல்ல, அனுமதி இல்ல, ரொம்ப வேகமா கேக்குறோம், இப்படி ஏதாவது ஒண்ணு. 5ல ஆரம்பிச்சா தப்பு அவங்க பக்கம், நீங்க கேட்டது சரிதான், அவங்களால குடுக்க முடியல. இந்த ஒரு பிரிவ தெரிஞ்சு வச்சுக்கிட்டாலே பாதி குழப்பம் தீந்துடும்.

நம்பரே இல்லாம டைனோசர் படமோ இல்ல சோகமா ஒரு ஃபைல் படமோ போட்டு நீளமா பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி வருதுன்னா அது சர்வர் சொன்னது இல்ல, உங்க பிரவுசர் சொல்றது, அதாவது அது சர்வர் வரைக்கும் போயே சேரல. டைனோசர் வந்தா நெட்டே இல்ல, டேட்டா தீந்திருக்கா, ஏரோப்ளேன் மோட் ஆன்ல இருக்கா, வைஃபை கனெக்ட் ஆகியும் நெட் வரலையான்னு பாக்கணும். ‘டிஎன்எஸ் புரோப் ஃபினிஷ்டு என்எக்ஸ் டொமைன்’னு வந்தா அந்த பேர்ல ஒரு தளத்த கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம், பெரும்பாலும் அட்ரஸ்ல ஒரு எழுத்து விட்டிருப்போம், டாட் கவ் டாட் இன்னுக்கு பதிலா டாட் காம்னு அடிச்சிருப்போம். ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’னா கதவ தட்டியும் யாரும் திறக்கல, ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’னா அந்த மெஷின் அங்க இருக்கு ஆனா அதுல வெப்சைட் ஓடுற புரோகிராம் நின்னு போயிருக்கு.

எந்த பக்கம் கோளாறுன்னு சந்தேகமா இருந்தா நான் எப்பவும் பாக்குற வரிசை ஒண்ணு இருக்கு, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அதே பிரவுசர்ல வேற ஏதாவது ஒரு தளத்த திறந்து பாருங்க, அதுவும் வரலன்னா உங்க நெட்தான். அது வருதுன்னா வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால அதே பக்கத்த திறங்க, இல்ல டேட்டால இருந்தா வைஃபைக்கு மாத்துங்க, ஒண்ணுல வந்து இன்னொண்ணுல வரலன்னா நெட் கம்பெனி பக்கமோ டிஎன்எஸ் (தளத்தோட பேர நம்பரா மாத்துற சேவை, கீழ சொல்றேன்) பக்கமோ பிரச்சனை. ரெண்டுலயும் வரலன்னா இன்காக்னிட்டோ விண்டோ திறந்து பாருங்க, அதுல வந்துச்சுன்னா சர்வர் நல்லா இருக்கு, உங்க பிரவுசர்ல சேந்து கிடக்குற பழைய குக்கிதான், அதாவது அந்த தளம் உங்க பிரவுசர்ல எழுதி வச்ச சின்ன குறிப்புதான், குறுக்க நிக்குது. அதுலயும் வரலன்னா வேற ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க யாருக்காவது லிங்க அனுப்பி ‘உனக்கு வருதா’ன்னு கேளுங்க, அவங்களுக்கும் வரலன்னா அது ஊருக்கே வரல, நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, காத்திருக்கணும்.

ஊருக்கே வரலையான்னு பாக்க டவுன்டிடெக்டர் மாதிரி தளங்களும் இருக்கு, அங்க ஜனங்க புகார் குடுக்க குடுக்க ஒரு கோடு மேல ஏறும். ஆனா அதையும் முழுசா நம்பி இருக்க முடியாது, 2025 நவம்பர் 18ஆம் தேதி சாயங்காலம் கிளவுட்ஃபிளேர்னு, ஏகப்பட்ட வெப்சைட்டுக்கும் நமக்கும் நடுவுல நிக்கிற ஒரு கம்பெனி படுத்தப்ப எக்ஸ், சாட்ஜிபிடி எல்லாம் சேந்து படுத்துச்சு, டவுன்டிடெக்டரே திறக்காம போச்சு, ஏன்னா அதுவும் கிளவுட்ஃபிளேருக்கு பின்னாடிதான் இருந்துச்சு. காரணம் என்னன்னா தானா ஓடுற புரோகிராம்கள (பாட்னு சொல்வாங்க) கண்டுபிடிக்கிறதுக்குன்னு அவங்க வச்சிருந்த ஒரு ஃபைல் திடீர்னு ரெண்டு மடங்கு பெருசாகி அத படிக்கிற மென்பொருள் தாங்காம விழுந்துடுச்சு. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் அக்டோபர் 20, நமக்கு தீபாவளி அன்னைக்கு, அமேசானோட சர்வர் சேவை அமெரிக்காவுல வர்ஜீனியா பக்கம் கோளாறாகி ஏகப்பட்ட ஆப்புங்க நின்னுச்சு, அங்க டிஎன்எஸ் பதிவு அழிஞ்சு போனதுதான் காரணம். 2021 ஜூன் 8ல ஃபாஸ்ட்லின்னு ஒரு கம்பெனி விழுந்தப்ப பிரிட்டன் அரசாங்க தளம், ரெட்டிட், பெரிய பெரிய நியூஸ் தளம் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல 503 வந்துச்சு, யாரோ ஒரு வாடிக்கையாளர் அவங்க செட்டிங்க மாத்துனது மென்பொருள்ல ஒளிஞ்சு கிடந்த ஒரு பிழைய உசுப்பி விட்டுடுச்சு. இத எல்லாம் ஏன் சொல்றேன்னா, சம்பந்தமே இல்லாத நாலு தளம் ஒரே நேரத்துல ஒரே மாதிரி எரர் காட்டுதுன்னா உங்க போன்ல தேடாதீங்க, நடுவுல இருக்குற ஒரு பெரிய கம்பெனி விழுந்திருக்கு, சில மணி நேரத்துல அவங்களே சரி பண்ணிடுவாங்க. அந்த நேரத்துல போன ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு போட்டோவெல்லாம் இழந்தவங்கள பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

இப்ப 5ல ஆரம்பிக்கிற நம்பருங்க. 500னா உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு, என்னன்னு சர்வருக்கே சொல்லத் தெரியல, பொதுவான எரர். 502, 503, 504 மூணையும் புரிஞ்சுக்க தாலுக்கா ஆபீஸ நெனச்சுக்கோங்க, முன்னாடி ஜன்னல்ல மனு வாங்குறவர் ஒருத்தர், உள்ள ரூம்ல கையெழுத்து போடுற அதிகாரி ஒருத்தர். இன்னைக்கு பெரிய வெப்சைட் எல்லாமே இப்படித்தான், நாம பேசுறது ஜன்னல்ல இருக்குற சர்வர்கிட்ட, வேலை நடக்குறது உள்ள இருக்குற சர்வர்ல. 502னா ஜன்னல்காரர் உள்ள கேட்டாரு, வந்த பதில் தாறுமாறா இருந்துச்சு. 503னா ‘இப்ப முடியாது கூட்டம் அதிகம், இல்ல வேலை நடக்குது, அப்புறம் வாங்க’. 504னா ஜன்னல்காரர் மனுவ உள்ள அனுப்பிட்டாரு, காத்திருந்தாரு காத்திருந்தாரு, பதில் வரல, உங்கள திருப்பி அனுப்பிட்டாரு. இதுல 504தான் நான் மேல சொன்ன ஆபத்தான ஆளு, ஏன்னா மனு உள்ள போயிடுச்சு, நீங்க திரும்பி நடந்து வர்ற நேரத்துல அதிகாரி கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கலாம், நீங்க மறுபடி இன்னொரு மனு குடுத்தா ரெண்டு கையெழுத்து ஆகும், பணமா இருந்தா ரெண்டு தடவ கழியும்.

503 வந்தா ரீஃப்ரெஷ அமுக்கிக்கிட்டே இருக்குறதால ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்த தளத்துக்கு இன்னும் பாரம்தான் ஏறும், எல்லாரும் அதையே செய்யறதாலதான் அது எழுந்திருக்க முடியாம கிடக்கு. ரெண்டு நிமிஷம் விட்டு ஒரு தடவ, அப்புறம் அஞ்சு நிமிஷம் விட்டு ஒரு தடவ, அப்புறம் பத்து நிமிஷம்னு இடைவெளிய கூட்டிக்கிட்டே போங்க. சில தளம் ‘நீங்க வரிசைல இருக்கீங்க’ன்னு ஒரு பக்கம் காட்டும், அத மட்டும் ரீஃப்ரெஷ் பண்ணவே கூடாது, பல இடத்துல வரிசை கடைசிக்கு போயிடுவீங்க, அது தானா நகரும் விட்டுடுங்க.

520ல இருந்து 526 வரைக்கும் நம்பர் வந்தா அது கிளவுட்ஃபிளேரோட சொந்த நம்பர், அந்த பக்கம் ரொம்ப நல்லா டிசைன் பண்ணியிருப்பாங்க, மூணு படம் வரிசையா இருக்கும், முதல்ல உங்க பிரவுசர், நடுவுல கிளவுட்ஃபிளேர், அதுக்கு கீழ சென்னைன்னோ மும்பைன்னோ ஒரு ஊர் பேரு இருக்கும், மூணாவது அந்த வெப்சைட்டோட சர்வர். பச்சை டிக் எதுல இருக்கு சிவப்பு பெருக்கல் குறி எதுல இருக்குன்னு பாருங்க, அவ்வளவுதான், யார் பக்கம் கோளாறுன்னு படமாவே காட்டிடும். 521ன்னா அந்த தளத்தோட சர்வர் படுத்திருக்கு, 522ன்னா தொடர்பே கிடைக்கல, 524ன்னா தொடர்பு கிடைச்சும் பதில் வரல, அதாவது 504 மாதிரிதான், பணம் கட்டும்போது வந்தா அதே எச்சரிக்கை. அந்த பக்கத்துல கீழ ‘ரே ஐடி’ன்னு எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு நீளமான குறியீடு இருக்கும், ஸ்கிரீன்ஷாட்ல அது தெரியணும், பின்னாடி உதவும்.

4ல ஆரம்பிக்கிறதுல நம்மால செய்ய முடிஞ்ச வேலை நிறைய இருக்கு. 404 எல்லாருக்கும் தெரியும், பக்கம் இல்ல. வாட்ஸ்அப்ல வர்ற லிங்க் நீளமா இருந்தா நடுவுல உடைஞ்சு பாதிதான் நீலமா இருக்கும், அத தொட்டா 404தான் வரும், முழு லிங்கையும் காப்பி பண்ணி அட்ரஸ் பார்ல ஒட்டுங்க. அப்படியும் வரலன்னா அட்ரஸ்ல கடைசி சாய்வு கோட்டுக்கு அப்புறம் இருக்குறத அழிச்சுட்டு என்டர் தட்டுங்க, ஒவ்வொரு படியா பின்னாடி போனா எங்கயாவது ஒரு பக்கம் திறக்கும், அங்கிருந்து தேடிக்கலாம். அரசு தளங்கள்ல பழைய அறிவிப்பு பிடிஎஃப் எல்லாம் தளத்த மாத்தும்போது இடம் மாறிடும், அதுக்கு இன்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின்ல அந்த பழைய அட்ரஸ போட்டு பாருங்க, 1996ல இருந்து பக்கங்கள சேத்து வச்சிருக்காங்க, எல்லாமே இருக்கும்னு இல்ல, ஆனா இருந்தா பெரிய உதவி. கூகுள்ல முன்னாடி ‘கேச்டு’ன்னு ஒரு லிங்க் இருந்துச்சே அத 2024ல எடுத்துட்டாங்க, இனிமே அங்க தேடாதீங்க.

403ன்னா தளம் இருக்கு ஆனா உங்களுக்கு திறக்காது. விபிஎன் (உங்க நெட்ட வேற ஊர் வழியா சுத்தி அனுப்புற ஆப்) ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, நம்ம அரசு தளங்கள்ல சிலது வெளிநாட்டு ஐபில, அதாவது வெளிநாட்டு நெட் முகவரி நம்பர்ல இருந்து வந்தா உள்ள விடாது, விபிஎன் போட்டிருந்தா நீங்க மதுரைல உக்காந்திருந்தாலும் சிங்கப்பூர்ல இருக்குற மாதிரிதான் அதுக்கு தெரியும். துபாய், சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்க பட்டா பாக்கணும் பில் கட்டணும்னு முயற்சி பண்ணி பக்கம் வராம தவிக்கிறது இதனாலயும் இருக்கலாம், அப்ப ஊர்ல இருக்குற நம்பிக்கையான ஆள விட்டு பாக்குறதுதான் சுலபம். 401ன்னா லாகின் பண்ணலன்னு அர்த்தம், இல்ல ரொம்ப நேரம் சும்மா விட்டதால செஷன் முடிஞ்சிருக்கும், மறுபடி லாகின் பண்ணுங்க.

429 வந்தா ‘ரொம்ப அடிக்கடி கேக்குற, கொஞ்சம் நிறுத்து’ன்னு சர்வர் சொல்லுது. ‘நான் ஒரு தடவதானே திறந்தேன்’னு நிறைய பேர் கேப்பாங்க, நியாயமான கேள்வி. மொபைல் நெட்டுல ஒரே ஐபி அட்ரஸ நிறைய பேருக்கு பிரிச்சு குடுக்குறாங்க, அதே அட்ரஸ்ல வேற யாராவது அதிகமா கேட்டிருந்தா உங்களயும் சேத்து நிறுத்தும். ஏரோப்ளேன் மோட் போட்டு பத்து செகண்ட் கழிச்சு எடுத்தா பல நேரம் வேற ஐபி கிடைக்கும், இல்ல வைஃபைக்கு மாறுங்க. ஓடிபி பக்கத்துல மட்டும் இது வந்தா பொறுமையா இருங்க, திரும்ப திரும்ப ஓடிபி கேட்டா சில தளம் நாள் முழுக்க லாக் பண்ணிடும்.

400 எரர்ல ‘ரிக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கி டூ லார்ஜ்’னு எழுதியிருந்தா, இல்ல ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’னு வந்தா அது பெரும்பாலும் குக்கி பிரச்சனைதான், உங்க கையில இருக்கு. ஆனா தயவுசெஞ்சு பிரவுசர் டேட்டா மொத்தத்தையும் அழிக்காதீங்க, எல்லா தளத்துலயும் லாகின் போயிடும், அப்பா அம்மா போன்ல அப்படி பண்ணிட்டு அப்புறம் பாஸ்வேர்டு தெரியாம ஒரு நாள் ஓடிடும். குரோம்ல அட்ரஸ் பாருக்கு இடது பக்கம் இருக்குற சின்ன ஐகான தொட்டா அந்த ஒரு தளத்தோட குக்கிய மட்டும் அழிக்கிற வழி இருக்கும், அது போதும்.

அடுத்து ‘யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்’னு சிவப்பா பயமுறுத்துற பக்கம். முதல்ல போன்ல தேதியும் நேரமும் சரியான்னு பாருங்க, தளம் உண்மையானதுதான்னு பிரவுசருக்கு காட்டுற சர்டிஃபிகேட்டுக்கு ஆரம்ப தேதி முடிவு தேதி எல்லாம் உண்டு, உங்க போன் 2019ன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா எந்த சர்டிஃபிகேட்டும் செல்லாது. பழைய டெஸ்க்டாப்ல ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி பின்னாடி போகுதுன்னா மதர்போர்டுல இருக்குற சின்ன வட்ட பேட்டரி தீந்திருக்கும், வில ரொம்ப கம்மி, மாத்திடுங்க. ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தின போன்ல பல தளம் இப்படி காட்டும், ஏன்னா லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்பு கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமா சர்டிஃபிகேட் குடுக்குது, அவங்களோட புது மூல சர்டிஃபிகேட் அந்த பழைய போன்ல இல்ல. அதுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓடுற போனா இருந்தா அத போட்டு பாருங்க, அது போனோட பட்டியல நம்பாம தன்னோட சொந்த பட்டியல வச்சிருக்கு. ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு வைஃபைல இந்த எச்சரிக்கை வந்தா அந்த வைஃபைக்கு இன்னும் லாகின் ஆகலன்னு அர்த்தமா இருக்கலாம், நெவர் எஸ்எஸ்எல் டாட் காம்னு ஒரு தளம் இதுக்குன்னே இருக்கு, அத திறந்தா வைஃபை லாகின் பக்கம் வந்துடும். எது எப்படியோ, பேங்க் தளத்துலயோ பணம் கட்டுற பக்கத்துலயோ இந்த எச்சரிக்கை வந்தா ‘பரவால்ல உள்ள போ’ன்னு அமுக்கவே கூடாது, இதுல விதிவிலக்கே இல்ல.

டிஎன்எஸ் பத்தி ஒரு வார்த்தை. வைஃபைல வரல டேட்டால வருதுன்னா பெரும்பாலும் இதுதான். டிஎன்எஸ்ங்குறது தளத்தோட பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குற சேவை, 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் ஆறு மணி நேரத்துக்கு மேல காணாம போச்சே, அப்பவும் அவங்க டிஎன்எஸ் சர்வருக்கு போற பாதையே இணையத்துல இருந்து அழிஞ்சு போனதாலதான் பிரவுசர்ல அந்த பேரே இல்லன்னு காட்டுச்சு. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பகுதில ‘பிரைவேட் டிஎன்எஸ்’னு இருக்கும், அங்க கூகுளோட டிஎன்எஸ் நம்பரான 8.8.8.8 மாதிரி நம்பர் போட்டா எடுக்காது, பேருதான் போடணும், டிஎன்எஸ் டாட் கூகுள்னு இங்கிலீஷ்ல அடிங்க. கம்ப்யூட்டர்லயோ மோடத்துலயோ மாத்துறதா இருந்தா 8.8.8.8 போடலாம், இல்லன்னா 1.1.1.1 போடலாம். விளம்பரம் வராம இருக்க யாரோ சொன்னாங்கன்னு வேற ஏதாவது பேரு அங்க போட்டு வச்சிருந்தீங்கன்னா அந்த சேவை நின்னா உங்களுக்கு எல்லா தளமும் நிக்கும், அப்ப ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துங்க.

இனிமே சொல்றது பணம் போன கதை, கொஞ்சம் கவனமா படிங்க. யுபிஐ போட்டாச்சு, அக்கவுன்ட்ல காசு கழிஞ்சுடுச்சு, வெப்சைட்ல 504, டிக்கெட்டும் இல்ல ரசீதும் இல்ல. முதல்ல புது டேப் திறந்து அதே தளத்துல லாகின் பண்ணி ‘என் பதிவுகள்’, ‘பேமென்ட் ஹிஸ்டரி’, ‘அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்’ மாதிரி எது இருக்கோ அதுல பாருங்க, பல நேரம் அங்க பதிவாகி ரெடியா இருக்கும். தட்கல்ல ஏசி பெட்டிக்கு காலைல 10 மணி, ஏசி இல்லாததுக்கு 11 மணிக்கு திறக்கும், அந்த முதல் சில நிமிஷம் நெரிசல்ல பக்கம் தொங்குனா பதட்டத்துல அடுத்த டிக்கெட் போட்டுடுவோம், அதுக்கு முன்னாடி புக்கிங் ஹிஸ்டரிய பாத்துட்டு போடுங்க, முதல்தும் பதிவாகி ரெண்டாவதும் பதிவானா கேன்சல் பண்ற நஷ்டம் உங்களோடது, தட்கல் கன்ஃபர்ம் டிக்கெட்டுக்கு ரீஃபண்டும் கிடையாது. மெயில், எஸ்எம்எஸ் ரெண்டையும் பாருங்க. அங்க எதுவும் இல்ல, காசு மட்டும் போயிருக்குன்னா யுபிஐ ஆப்ல அந்த பரிவர்த்தனைய திறந்து யுடிஆர் நம்பர எழுதி வச்சுக்கோங்க, அது 12 இலக்கம், அதுதான் உங்க சாட்சி.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ல ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. யுபிஐல கடைக்கோ தளத்துக்கோ கட்டுன காசு கழிஞ்சு அவங்களுக்கு உறுதிப்படுத்தல் போய் சேரலன்னா பரிவர்த்தனை நாள்ல இருந்து 5 நாளைக்குள்ள தானா திரும்பணும், ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்புனதுல எதிர் அக்கவுன்ட்ல வரவாகலன்னா அடுத்த நாளுக்குள்ள திரும்பணும், அதுக்கு மேல தாமதமானா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நஷ்ட ஈடு, அதையும் நீங்க புகார் குடுக்காமலே பேங்க் தரணும். தரலன்னா எழுத்துல பேங்குக்கு புகார் குடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) ஆன்லைன்லயே போகலாம், காசு கட்ட வேண்டியது இல்ல, வழி கேக்க 14448க்கு போன் பண்ணலாம். இது நம்ம உரிமை, கேக்க கூச்சப்படாதீங்க.

அதே நேரம் ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பணம் மாட்டிக்கிச்சுன்னு பதறி கூகுள்ல ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு தேடி முதல்ல வர்ற நம்பருக்கு போன் பண்ணாதீங்க. திருடனுங்க இதுக்குன்னே போலி நம்பர போட்டு வச்சிருக்கானுங்க, ரொம்ப மரியாதையா பேசுவான், ‘ரீஃபண்ட் அனுப்புறேன் இந்த ஆப்ப போடுங்க’ன்னு ஸ்கிரீன் ஷேரிங் ஆப்ப போட வைப்பான், இல்ல ரீஃபண்டுக்கு யுபிஐ பின் கேப்பான். காசு வாங்குறதுக்கு பின் எப்பவுமே தேவையில்ல. நம்பர அந்த ஆப்புக்குள்ளயோ, பேங்க் கார்டு பின்பக்கத்துலயோ மட்டும் எடுங்க. ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் பண்றீங்களோ அவ்வளவு நல்லது, காசு அடுத்த அக்கவுன்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க.

ஃபார்ம் நிரப்புற விஷயம். நீளமா ஏதாவது எழுதற பெட்டி இருந்தா, காரணம் எழுதுக, அனுபவம் எழுதுக மாதிரி, அத முதல்ல போன்ல நோட்ஸ்ல எழுதி வச்சுட்டு அங்க ஒட்டுங்க. சப்மிட் பண்ணி எரர் வந்து நீங்க ரீஃப்ரெஷ் பண்ணும்போது ‘கன்ஃபர்ம் ஃபார்ம் ரீசப்மிஷன்’னு பிரவுசர் கேட்டா, அதே ஃபார்ம இன்னொரு தடவ அனுப்பவான்னுதான் அது கேக்குது, கேன்சல் குடுங்க, போய் ஸ்டேட்டஸ் பாருங்க. கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு எல்லா அப்ளிகேஷன் தளமும் மெதுவாதான் ஓடும், அத யாராலயும் மாத்த முடியாது, முடிஞ்சா ரெண்டு மூணு நாள் முன்னாடி, காலைல 6, 7 மணிக்கு பண்ணிடுங்க. முடியாம கடைசி நாள்ல மாட்டிக்கிட்டா எரர் வர்ற ஒவ்வொரு தடவயும் நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்னைக்கே ஹெல்ப் டெஸ்க் மெயிலுக்கு அனுப்பிடுங்க, தேதி நீட்டிக்கிறாங்களோ இல்லையோ, நீங்க முயற்சி பண்ணதுக்கு ஆதாரம் வேணும்.

பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி நாள்ல ஒரே தளத்த பிடிச்சு தொங்க வேண்டாம், டிஜிலாக்கர்லயும் வரும், ஸ்கூல்ல பதிவு பண்ண மொபைல் நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸாவும் வரும், ஸ்கூல்லயே போயும் பாக்கலாம். பக்கம் வரலன்னு புள்ளைங்க அழற அளவுக்கு பயந்து போறாங்க, ரிசல்ட் எங்கயும் ஓடிப்போகாது, அரை மணி நேரம் கழிச்சு அதே தளம் சுலபமா திறக்கும்னு பெத்தவங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.

கடைசியா, புகார் எழுதும்போது ‘உங்க சைட் வேலை செய்யல’ன்னு ஒரு வரி எழுதுனா அந்த பக்கம் இருக்குறவங்களால எதையும் தேட முடியாது. அவங்ககிட்ட லாக்னு ஒரு பதிவு இருக்கும், லட்சக்கணக்கான வரி, அதுல உங்க வரிய கண்டுபிடிக்க நேரமும் பக்கமும் வேணும். இப்படி எழுதுங்க, அப்படியே காப்பி பண்ணிக்கலாம்:

“வணக்கம். இன்னைக்கு (தேதி) மதியம் (மணி, நிமிஷம்) உங்க தளத்துல பணம் கட்டுற பக்கத்துல சப்மிட் குடுத்ததும் 504 எரர் வந்துச்சு. பக்கத்தோட முழு அட்ரஸ், ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன். ரே ஐடி இருந்தா: ____. அப்ளிகேஷன் நம்பர்: ____. யுடிஆர்: ____. தொகை: ____. ஆண்ட்ராய்டு போன், குரோம், மொபைல் டேட்டா. வைஃபைலயும் முயற்சி பண்ணேன், அதே எரர். அக்கவுன்ட்ல பணம் கழிஞ்சிருக்கு, ஸ்டேட்டஸ்ல ‘பென்டிங்’னு காட்டுது. பதிவாயிடுச்சான்னு சொல்லுங்க, அதுவரைக்கும் மறுபடி பணம் கட்டாம காத்திருக்கேன்.”

இதுல பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு நம்பர், பின் எதையும் எழுதக் கூடாது, ஸ்கிரீன்ஷாட்ல அதெல்லாம் தெரிஞ்சா அனுப்புறதுக்கு முன்னாடி கருப்பு அடிச்சுடுங்க.